துரைசானி ஊதும் மேடு

பேய்களிலேயே நேரம் தவறாத பேய் என்று ஒன்று உண்டென்றால் அது சோலைக்கொம்பு டிவிஷனில்தான் குடியிருந்தது. மாலையில் தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு ஓய்ந்ததும் பழைய ஆஸ்பத்திரி மேட்டில் அது ஊத ஆரம்பிக்கும் என்று மூணாறு டவுன் டீக்கடையில் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து ஜினோ ஏழு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டான். மணி மூன்றரைதான்.

"ஜினோ, முள்ளு அதுபாட்டுக்குப் போகும். நீ தள்ள வேண்டாம்" என்றாள் மௌனிகா.

"தள்ளலக்கா. புடிச்சு நிறுத்தப் பாக்கேன்."

மௌனிகா வாளையார் செக்போஸ்டில் பன்னிரண்டு வருடம் லாரி சோதித்தவள். பீப்பாயை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே எத்தனை அடி சரக்கு என்று சொல்வாள். அந்த வேலையை விட்டு, கொழிஞ்சாம்பாறையில் உரக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டு மூன்று வருடம் ஆகிறது. அந்த மூன்று வருடமும் அவளுக்கு டிரைவர், உதவியாளர், கேட்காமலே பேசும் ரேடியோ எல்லாமே ஜினோதான். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசைவீடு ஒன்றில், பிறந்தவன். முப்பத்தாறு வயதாகியும் பேய்க்குப் பயந்து விளக்கை அணைக்காமல்தான் தூங்குவான்.

ஜீப்பின் பின்சீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். பெயர் தனபால், வண்ணாமடைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். சோலைக்கொம்பு லயத்தில் குடியிருக்கும் சுவக்கீன் என்கிற ஓய்வுபெற்ற ஃபேக்டரி ஃபிட்டரும் இவரும் விசித்திரமான கூட்டாளிகள். வெள்ளைக்காரன் காலத்துக் குப்பைக்குழிகளைத் தேடித் தோண்டிப் பழைய பாட்டில்கள் எடுப்பது இருவருக்கும் கிறுக்கு. விற்க மாட்டார்கள். கழுவி, துடைத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இப்போது சுவக்கீனைக் காணவில்லை. செவ்வாய்க்கிழமை போனவர், இன்று சனி. திங்கட்கிழமை மறுபடி ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்று எஸ்.ஐ. தனபாலிடம் சொல்லியிருக்கிறார். அந்த முறை திருப்பி அனுப்புவார்கள் என்று யாரும் நம்பவில்லை. அதற்குப் பயந்து அவர் வீட்டார்தான் மௌனிகாவைப் பிடித்திருந்தார்கள்.

"எறங்கறீங்களாங்க?" என்று மௌனிகா கேட்டாள்.

"நான் எதுக்குங்க? அந்த மனுசன் வரட்டும், அப்பறம் பேசிக்கறேன்" என்று தனபால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுவக்கீன் வீட்டுக்குள் நுழைந்ததும் ஜினோ நிலைப்படியை ஒட்டியே நின்றுகொண்டான். ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்து நூற்றுக்கும் மேல் பாட்டில்கள். மசிக்கூடு, மருந்துக் குப்பி, கோலிசோடா, இருட்டிலும் கை தடவி விஷம் என்று தெரிந்துகொள்ள வரிவரியாக வார்த்த நீலக் குப்பி. எல்லாம் வாயைத் திறந்துகொண்டு அவனையே பார்த்தன. செத்துப்போனவர்கள் குடித்து வைத்த மிச்சம் என்று நினைத்ததும் எதிலும் பட்டுவிடாமல் கையைக் கட்டிக்கொண்டான்.

சுவக்கீனின் மகள் பிலோமி கறுப்பு டீயை நீட்டினாள். நான்கு நாள் தூங்காத கண்கள்.

"ஆனை அடிச்சிருக்கும்ங்காங்க. ஆனை அடிச்சா உடம்பாவது கெடைக்காதாக்கா?" என்றாள். பிறகு வாசல் பக்கம் கையை நீட்டினாள். "அந்த ஆள எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? போன மாசம் ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. அவருதான் எங்கப்பாவ என்னமோ செஞ்சிருக்காரு."

"என்ன சண்டைங்க?"

"அவரு அவசரத்துல கடப்பாரையப் போட்டு ஒரு நீலக் குப்பிய ஒடச்சிட்டாரு. ஒன் கைக்கு வெண்டிக்காதான் லாயக்குன்னு அப்பா ஏசிட்டாரு. அன்னைக்குக் கோவிச்சிட்டுப் போனவருதான்."

"ஒரு குப்பிக்கா?" என்றான் ஜினோ. "எங்க ஊர்ல குப்பி காலியானாத்தான் சண்டை வரும்."

மௌனிகா சிரிக்கவில்லை. "எங்கெல்லாம் தேடுனாங்க?"

"அவங்க வழக்கமாத் தோண்டுற குழி, பழைய கிளப்புக்குப் பின்னால. அப்பறம் ஆத்தோரம், சோலைக்காடு."

"ஆஸ்பத்திரி மேடு?"

"அங்க யாருக்கா போவா? போலீஸுக்கு வழிகாட்ட வந்த ஃபாரஸ்ட் வாச்சரே அடிவாரத்துல நின்னு கும்பிட்டுட்டுத் திரும்பிட்டான்."

மௌனிகா அலமாரியை நெருங்கினாள். நடுப்பலகையில் பாட்டில்களுக்கு இடையே ஒரு காலி இடம். அங்கே மட்டும் தூசு படியாமல் வட்டமாக இருந்தது.

"இங்க என்ன இருந்துச்சுங்க?"

"பழுப்புக் குப்பி. மொதல் மொதல்ல ரெண்டு பேரும் சேந்து எடுத்த ஜோடி. ஒண்ணு அப்பாட்ட, ஒண்ணு அவருட்ட. அத மட்டும் எப்பவும் கையோட கொண்டு போவாரு. தண்ணிக்குன்னு நெனச்சேன்."

வெளியே வந்ததும் ஜினோ ரகசியக் குரலில் கேட்டான். "தோப்புக்காரர் மேல சந்தேகமாக்கா?"

"ஆளைக் கொன்னவன் பயந்துட்டு இருப்பான். இல்லாட்டி அழுதுட்டு இருப்பான். இவர் உடுமலையத் தாண்டி மறையூர் ஏறி இங்க வர்ற வரைக்கும் கோவமாவே வந்தாரு. செத்தவங்க மேல யாரும் இப்படிக் கோவப்பட மாட்டாங்கப்பா."

*

ஆஸ்பத்திரி மேட்டின் காலடியில் ஆறே வீடுகள் உள்ள கடைசி லயம். ஒவ்வொரு கதவிலும் சுண்ணாம்புக்கட்டியால் சிலுவை போட்டிருந்தது. வாசல்படிகளில் மெழுகுவர்த்தி உருகி வழிந்து கிடந்தது. மேட்டை மஞ்சு என்கிற மலைப்பனி மூடியிருந்ததில் உச்சி தெரியவில்லை. இடிந்த ஆஸ்பத்திரியின் புகைக்கூண்டு மட்டும் மஞ்சுக்கு மேலே பாதி தெரிந்தது.

கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்த டின்சி என்ற பெண் கதவை ஒரு முழம் மட்டும் திறந்தாள்.

"துரைசானியப் பத்தியா? பிரசவத்துல செத்தவக்கா. வெள்ளக்காரன் காலத்துப் பேயி."

"அது இருக்கட்டுங்க. நீங்க உங்க காதால எப்ப மொதல்ல கேட்டீங்க?"

டின்சி யோசித்தாள். "ரெண்டு வருசம் இருக்கும். ஈஸ்டர் முடிஞ்சு."

"அதுக்கு முன்ன?"

"அதுக்கு முன்ன..." அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "இல்லையே."

"நூறு வருசப் பேய்க்கு ரெண்டு வயசுதானா?" என்றான் ஜினோ. "இன்னும் அங்கன்வாடியிலகூடச் சேக்க மாட்டாங்களே!" சொல்லிவிட்டு மேட்டைப் பார்த்து அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டான். பேய் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது?

"முன்னெல்லாம் மாசத்துக்கு ஒருக்காவோ ரெண்டு தரமோ ஊதும். ஒரு ஊது, அப்பறம் நின்னுரும்" என்று டின்சி தொடர்ந்தாள். "இந்த வாரந்தான் கொடூரம். செவ்வா, புதன், வியாழன். பகல்ல கொழுந்து வெட்டுற மெசின் சத்தத்துல ஒண்ணும் தெரியல. இருட்டுனா விடாம ஊதுச்சு. ஆறு வீடும் கதவடச்சு ஜெபமால சொன்னோம்."

"கொரலு எப்படிங்க? ஒரே மாதிரியா?"

"இல்லக்கா, அதான் அதிசயம். அந்திமழ பெஞ்சு ஓஞ்ச ஒடனே கீச்சுன்னு சின்னப்பிள்ள கொரலா வரும். நேரம் போகப் போகத் தடிக்கும். விடியக்காலம் ஆம்பளக் கொரலு. மறுநா மழ பெஞ்சா மறுபடியும் சின்னப்பிள்ள."

மௌனிகாவின் கை கதவு நிலையைப் பிடித்தது. "நேத்து?"

"நேத்து ஊதல. மாதா ஜெபத்தக் கேட்டுட்டா."

மூன்று வருடத்தில் அக்காவின் முகம் வெளுத்து ஜினோ பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். பேயை நேரில் பார்ப்பதைவிட அது அவனைப் பயமுறுத்தியது.

"ஒரு காலிக் குப்பி குடுங்க. சீக்கிரம்."

டின்சி கொண்டுவந்த எண்ணெய்க் குப்பியை மௌனிகா உதட்டில் வைத்து வாய்க்குக் குறுக்காக ஊதினாள். பூஊஊம் என்று தடித்த சத்தம் வந்தது. டின்சி ஒரு அடி பின்னால் போனாள். மௌனிகா வாசல் குழாயில் பாதி பிடித்து ஊதினாள். சத்தம் மெலிந்தது. கழுத்துவரை பிடித்து ஊதினாள். கீச்சென்று ஒரு சின்னப்பிள்ளை அழுதது.

"இதேதான்!" என்று டின்சி நெஞ்சில் கை வைத்தாள்.

"பீப்பாயத் தட்டிப் பாக்கற மாதிரிதான். உள்ள எவ்வளவு இருக்குன்னு சத்தமே சொல்லிரும்" என்றாள் மௌனிகா. "மழை பெஞ்சதும் குப்பி ரொம்புது, கொரல் சின்னதாயிருது. ராத்திரி போகப் போகத் தண்ணி கொறையுது, கொரல் தடிக்குது. ஊதறவங்க குடிக்கறாங்க, ஜினோ."

"பேய்க்கு எதுக்குக்கா தண்ணி?"

"பேய்க்கு வேண்டாம்பா. மனுசனுக்குத்தான் வேணும்."

அர்த்தம் முதலில் டின்சிக்குத்தான் உறைத்தது. அப்படியே படியில், உருகிக் கிடந்த மெழுகின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சுவக்கீன் மாமாவா? மூணு ராத்திரி மாமாவா கூப்பிட்டாரு? நாங்க... நாங்க கதவச் சாத்திட்டுக் காதப் பொத்திக்கிட்டமேக்கா."

ஜினோவும் அந்த லயத்தில் இருந்திருந்தால் அதைத்தானே செய்திருப்பான்? கதவிலிருந்த சிலுவைகளைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

*

மௌனிகா ஓடிவந்து ஜீப் கதவைத் திறந்தாள். "பழுப்புக் குப்பிய எடுங்க."

"எந்தக் குப்பிங்க?" என்றார் தனபால்.

"ஜோடியில உங்க பங்கு. பைக்குள்ள இருக்கற குப்பி. துரைசானிய ரெண்டு வருசமா ஊத வெச்ச குப்பி."

தனபாலின் கை தானாகப் பைமேல் போயிற்று. சத்தம் கேட்டுத் தன் வீட்டிலிருந்து ஓடிவந்த பிலோமி மூச்சு வாங்க நின்றாள்.

"தப்புத்தானுங்க" என்றார் தனபால் கடைசியில். "குழிக்குள்ள ஒருத்தர், மேல ஒருத்தர். அது எங்க சட்டமுங்க. கீழ இருக்கறவன் தலைக்கு மேல மண்ணு நிக்குது பாருங்க. மேல இருக்கறவன் மண்ணு வெடிக்குதான்னு பாத்துட்டே இருக்கோணும், ஆள் வந்தா ஊதிச் சொல்லோணும். மொதல்ல சைகைக்குத்தான் ஊதுனோம். சனங்க துரைசானின்னு ஓடுச்சு. நாங்களும் விட்டுட்டோம். வேறெவனும் வந்து குழியக் கிளற மாட்டான்ல?"

"இந்த வாரம் நீங்க இங்க வந்தீங்க."

"யாருங்க சொன்னாங்க?"

"நீங்களேதான். ஊரே செத்துட்டார்ங்குது, நீங்க மட்டும் 'வரட்டும் பேசிக்கறேன்'ங்கறீங்க. உசுரோட இருக்கறது உங்களுக்குத் தெரியும். காதுல கேட்டிருக்கீங்க."

தனபால் தலையைக் குனிந்துகொண்டார்.

"புதன்கிழமை வந்தனுங்க. சமாதானமாப் போயிரலாம்னுதான் வந்தேன். பொழுது எறங்கற நேரம், பஸ்ஸ விட்டு எறங்கி நடக்கறேன், மேட்டுல இருந்து ஊதற சத்தம். ஊதறவன் மேல நிக்கற ஆளுதானுங்களே? அப்ப எனக்குப் பதிலா வேறொருத்தன மேல நிக்க வெச்சுட்டாருன்னு நெனச்சேன். வயிறெரிஞ்சு போச்சுங்க. அப்படியே திரும்பிட்டேன்."

"போலீஸ்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லங்க?"

"சொன்னா மேட்டையே மூடிப் போட்டுருவாங்க. புது ஆளோட மேலயே தங்கித் தோண்டறாரு, அந்தாளே எறங்கி வரட்டும்னு வீம்புங்க."

"கீழ இருக்கறவரே ஊதுனா?"

"தனியா எறங்கவே மாட்டமுங்க! அந்தச் சட்டத்தப் போட்டதே அவருதானுங்க..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். அவருடைய முகத்தில் கோபம் கழன்று விழுந்ததை ஜினோ கண்ணெதிரே பார்த்தான். அதற்குப் பின்னால் இருந்தது பார்க்கச் சகிக்காத முகம்.

பிலோமி மெல்லிய குரலில் சொன்னாள். "செவ்வாக்கிழமை வாசல்ல நின்னு அப்பா சொன்னாரு. ஒடஞ்ச நீலக் குப்பிக்குப் பதிலா வேற ஒண்ணு எடுத்துக் குடுத்தாத்தான் தனபாலு திரும்பி வருவான்னு. ஆஸ்பத்திரின்னா மருந்துக் குப்பி கெடைக்கும்ல. எனக்கு இப்பத்தான்யா அது வெளங்குது."

ஊரெல்லாம் துரைசானிக்குப் பயந்து ஓடியபோது, அது பேயில்லை என்று தெரிந்த ஒரே ஆள் இவர்தான். அந்த ஒரே ஆளும் ரோஷம் வந்து பஸ் ஏறிவிட்டார். உதவிக்கு ஊதியவருக்கு அவருடைய சொந்தத் தந்திரமே எமனாக வந்து நின்றது. இதற்கு யாரைக் குற்றம் சொல்வது என்று ஜினோவுக்குத் தெரியவில்லை.

*

கயிறு, மண்வெட்டி, ஒரு ஏணி. ஆறு வீட்டு ஆண்களும் பெண்களும் பின்னால் வந்தார்கள். வேறு ஆட்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லப் பிலோமி ஒருத்தியை ஃபேக்டரிக்கு ஓடவிட்டிருந்தாள். பாதி மேடு ஏறுவதற்குள் மஞ்சு இறங்கி முன்னால் போகிறவரின் முதுகை மறைத்தது.

"டின்சி, நேத்து மழை எப்படிங்க?" என்று மௌனிகா திரும்பிக் கேட்டாள்.

"தகரத்தப் பேத்துட்டுப் போற மழக்கா. ராவு பூரா. வீட்டுக்குள்ள பேசுறதே கேக்கல."

"அப்ப ஊதலைன்னு சொல்லாதீங்க. கேக்கலைன்னு சொல்லுங்க."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் மீதி மேட்டை ஏறினார்கள்.

மேலே இடிந்த சுவர்கள், ஆள் உயரப் புதர், பெரணி. தரையெல்லாம் பழைய பள்ளங்கள். எந்தக் குழி பழையது, எது செவ்வாய்க்கிழமை தோண்டியது என்று மழை வித்தியாசம் இல்லாமல் செய்திருந்தது. தாறுமாறாகக் கால் வைத்தால் மண் இன்னும் சரியும். பிலோமி "அப்பா!" என்று கத்தினாள். மஞ்சு அந்தக் கூப்பாட்டைப் பத்தடிக்குள் விழுங்கிவிட்டது.

"கொரல் வேண்டாங்க. அவருக்குத் தெரிஞ்ச பாஷையில கூப்பிடுங்க" என்றாள் மௌனிகா, தனபாலைப் பார்த்து.

தனபால் பழுப்புக் குப்பியை எடுத்தார். அவசரத்தில் அது பல்லில் இடித்தது. உதட்டில் சரியாக வைத்து ஊதினார். பூஊஊம். அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். இலைகளிலிருந்து நீர் சொட்டியது. வேறு சத்தமில்லை.

மறுபடி ஊதினார். ஒன்றுமில்லை.

பிறந்ததிலிருந்து பேய்ச் சத்தம் காதில் விழக்கூடாது என்று ஜெபித்து வந்த ஜினோ, முதல் தடவையாக அது விழவேண்டும் என்று ஜெபித்தான். ஊது தாயே, துரைசானியோ, சுவக்கீனோ, யாராக இருந்தாலும் ஒரு தரம் ஊது.

தனபால் மூன்றாம் முறை ஊதினார். மூச்சு முடியும்வரை ஊதினார். அது அடங்கியபோது இடப்பக்கம், பெரணிக்குக் கீழே, பூமிக்குள்ளிருந்து ஏதோ கசிந்தது. மூச்சா, காற்றா என்று தெரியவில்லை. பிறகு அது கொஞ்சம் கூடிக் கீச்சென்று ஒரு குழந்தைக் குரலாக நின்றது.

டின்சி ஓவென்று அழுதாள்.

"சின்னதாத்தான் இருக்கு" என்றாள் மௌனிகா. அவள் கண்ணும் நிறைந்திருந்தது. "குப்பியில தண்ணி இருக்குது. தாக்குப் புடிச்சிட்டாரு மனுசன்."

ஜினோ மண்வெட்டியை எறிந்துவிட்டு நான்கு காலில் தவழ்ந்து பெரணியை விலக்கினான். சரிந்த மண்ணுக்கு நடுவே தலை நுழையும் அளவு ஒரு ஓட்டை. உள்ளே டார்ச் அடித்தான். இடுப்புவரை மண் மூடிய ஒரு உருவம் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு கையில் பழுப்புக் குப்பி. மறுகை எதையோ நெஞ்சோடு அணைத்திருந்தது. வெளிச்சம் பட்டதும் அது நீலமாக மின்னியது.

அவனைத் தள்ளிக்கொண்டு தனபால் ஓட்டையின் மேல் குனிந்தார்.

"சுவக்கீனண்ணா! மேல நாந்தானுங்கண்ணா நிக்கறேன்! நாந்தான் நிக்கறேன்!"

உள்ளே ஊதல் நின்றது. பிறகு நான்கு நாள் பேசாத தொண்டையிலிருந்து துருப்பிடித்த குரல் ஒன்று மேலேறி வந்தது.

"ஓரத்துல நிக்காதலே... மண்ணு சரியும்."

தனபால் உடனே இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். நின்ற இடத்திலேயே, அத்தனை சனத்துக்கும் முன்னால், வாய்விட்டு அழுதார். கீழே தொழிற்சாலையில் மாலைச் சங்கு ஊதியது. அன்றைக்கு யாரும் கதவடைக்கவில்லை.